குடம் கவிழ்க்கிற சார்

எங்கள் ராபர்ட் மாமா ஒரு தெருவுக்குள் நுழைகிறார் என்றால் முதல் வீட்டு அம்மா அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுப்பார். "குடம் கவுக்குற சார் வர்றாரு, எடுத்து உள்ள வையி." அதற்குள் குடங்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அண்டாவைத் தூக்க முடியாதவர்கள் அதைப் பலகையால் மூடி, பலகை மேல் துணி மூட்டையை வைத்து, ஒன்றும் தெரியாத மாதிரி அதில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள்.

மாமா சுகாதார ஆய்வாளர். தேங்கிய தண்ணீரில் டார்ச் அடித்துப் பார்ப்பார். கொசுப்புழு நெளிந்தால் யோசிக்கவே மாட்டார். குடமோ டிரம்மோ, விளிம்பைப் பிடித்து அப்படியே சாய்த்துவிடுவார். பிறகு கதவோரச் சுவரில் சாக்பீஸால் தேதி எழுதி, கீழே சுருக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பெண்கள் திட்டுவார்கள். "காலையில கொழாயில தண்ணி வரும், புடிச்சுக்கம்மா" என்பது ஒன்றுதான் அவருடைய பதில். அது உண்மையும்கூட. கடலூரில் கவிழ்த்த தண்ணீர் மறுநாள் திரும்பி வந்துவிடும்.

இந்தப் பழக்கம்தான் கடல் தாண்டிய ஓர் ஊரில் அவர் வேலையையே போக்கடிக்கப் பார்த்தது. எனக்குத் தெரிந்தவரை அதை எழுதுகிறேன்.

ராபர்ட் மாமா என் அம்மா சவரியம்மாளின் ஒரே தம்பி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் வளர்த்தார். கல்யாணமாகித் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்தபோது தம்பியையும் கையோடு கூட்டி வந்துவிட்டார். என் அப்பா தங்கராசு ஸ்டேஷன் பக்கம் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். "நான் பொண்ணுதான் கேட்டேன், கூடவே ஒரு மச்சானையும் கட்டிக் குடுத்துட்டாங்க" என்று இன்றைக்கும் சொல்வார். ஆனால் பன்னிரண்டாவது முடித்த மாமாவைச் சிதம்பரத்தில் சுகாதார ஆய்வாளர் படிப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது அப்பாதான்.

படிப்பு முடித்த வருடம் சுனாமி வந்தது. ஆள் போதாமல் மாமாவைப் போன்றவர்களைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்தார்கள். கடலோரக் குப்பங்களில் கைப்பம்புத் தண்ணீர் எல்லாம் உப்பாகிவிட்டது. லாரியில்தான் தண்ணீர். அதில் குளோரின் கலப்பது, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பது, தகரக் கொட்டகைக் குடியிருப்புகளில் டிரம்களைப் பார்ப்பது, இதுதான் மாமாவுக்கு வேலை. வீட்டுக்கு வந்தால் செருப்பிலும் தலையிலும் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். அம்மா அவர் துணியை மட்டும் தனியாகத் துவைப்பார். மாமா சாப்பிட்டுக்கொண்டே அன்றைக்கு எந்த வீட்டில் யார் என்ன திட்டினார்கள் என்று நடித்துக் காட்டுவார். வாங்கிய திட்டை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லும் ஒருவரை நான் பார்த்ததில்லை.

பிறகு குறிஞ்சிப்பாடிப் பக்கம் யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்கும் வேலை. எடுத்த ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிதம்பரத்தில் ஒரு லேப்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே டெக்னீஷியனாக இருந்தவர்தான் ரேகா அத்தை. தடவியது சரியில்லை என்று திருப்பித் திருப்பி அனுப்புவாராம். "கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, சரியா இருந்ததையும் சேத்துத் திருப்பி அனுப்பியிருக்கா" என்பார் மாமா. அத்தை மறுக்கவும் மாட்டார், ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

2009-இல் இளமதி பிறந்தாள். அதே வருடம் மாமாவின் தற்காலிக வேலை முடிந்துபோனது. நிரந்தர வேலைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் மாலத்தீவு அரசாங்கம் பொது சுகாதார அதிகாரி வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, சென்னைக்குப் போய் நேர்காணலில் தேறிவிட்டு வந்தார்.

"ஊர்ல இருக்குறவன் எல்லாம் கட்டடம் கட்ட, காரு ஓட்ட ஃபாரின் போறான். கொசு புடிக்கப் போறவன் நீ ஒருத்தன்தான் மச்சான்" என்றார் அப்பா.

"கவர்ன்மெண்ட் ஆபீசர் வேலை மாமா."

"அந்த கவர்ன்மெண்டுக்குக் கொசு புடிக்க அவுங்க ஊர்லயே ஆள் இல்லியா?"

"இருந்தா என்னைய ஏன் கூப்புடுறாங்க?"

அம்மா காடாம்புலியூரில் வாங்கிய முந்திரிப் பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தார். அம்மாவுக்குத் தம்பி போவதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. ரேகா அத்தைதான் போகட்டும் என்று உறுதியாக நின்றார். முதல் வருடம் முழுக்கச் சோதனைக் காலம். அது நல்லபடியாக முடிந்தால் குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். நடுவில் தீவுக்காரர்கள் இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்தால் இங்கே அவருக்கு எந்த வேலையும் காத்திருக்கவில்லை.

மாமா போன தீவின் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. "தீவு" என்றே சொல்லிக்கொண்டோம். இந்த முனையில் நின்று கூப்பிட்டால் அந்த முனையில் கேட்கும் என்பார். ஒரு சுகாதார நிலையம், ஒரு பள்ளிக்கூடம், பள்ளிவாசல், படகுத்துறை. மண்ணே கிடையாது, எல்லாம் வெள்ளை மணல்.

"எல்லாரும் இந்திப் படம் பாத்துப் பாத்து நல்லா இந்தி பேசுறாங்கக்கா" என்றார் போனில். "இந்தியாவுலேர்ந்து வந்த நான் முழிக்கிறேன். இவன் நெசமாவே இந்தியாக்காரன்தானான்னு சந்தேகப்படுறாங்க."

"நீயும் நாலு படம் பாத்துக் கத்துக்க வேண்டியதுதானே."

"படம் பாக்கவா வந்தேன்?"

சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த ஆதம் என்பவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். மாமாவுக்கும் கொஞ்சம் தெரியும். இரண்டு பேரும் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள்.

அந்தத் தீவையும் சுனாமி விடவில்லை. கிணறுகள் உப்பானது உப்பானதுதான். குடிக்க, சமைக்க மழைத் தண்ணீரைத்தான் நம்பியிருந்தார்கள். கூரையிலிருந்து குழாய் வைத்துப் பெரிய தொட்டியில் பிடித்து வைப்பார்கள். மழை நின்று சில மாதம் போனால் தொட்டியின் அடி தெரியும். கடைசித் தண்ணீரை டிரம்மில் எடுத்து வைத்துச் சிக்கனமாகச் செலவழிப்பார்கள். இதெல்லாம் மாமாவுக்குப் போனவுடனேயே சொல்லியிருந்தார்கள். உப்பாகிப்போன குப்பங்களில் வேலை பார்த்த மனிதர், அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. தெரிந்தும்தான் நடந்தது.

2010-ஆம் வருடம் பிப்ரவரியில், பக்கத்துத் தீவில் டெங்கு வந்திருப்பதாகத் தகவல் வந்தது. மாமா ஆதமைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். ஹவ்வா என்ற பெண்ணின் வீடு. அவர் கணவருக்கு வேறொரு தீவில் சுற்றுலா விடுதியில் வேலை. இவர் பிள்ளைகளோடு தனியாக இருந்தார். வாசலில் ஒரு நீல டிரம் நிறையத் தண்ணீர். டார்ச் அடித்தால் புழு.

"கை தானாப் போயிடுச்சுக்கா" என்று பின்னால் சொன்னார் மாமா. "சாய்ச்சப்புறம்தான் சாய்ச்சது தெரிஞ்சுது. நம்ம ஊர்லன்னா வாசல்ல ஓடும், காவாய்க்குப் போவும். இங்க மணல் அப்படியே குடிச்சுடுச்சு. ஈரம்கூட நிக்கல."

அதோடு விட்டாரா என்றால் இல்லை. அதே பழக்கத்தில் சாக்பீஸை எடுத்துச் சுவரில் தேதியும் போட்டுவிட்டார்.

ஹவ்வா கத்தவில்லை. மணலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு ஆதமிடம் மெதுவாக ஏதோ கேட்டார். ஆதம் அதை மொழிபெயர்க்கவில்லை. இவன் ஊரில் வீட்டுக்கு வருகிறவர்கள் இப்படித்தான் செய்வார்களா என்று கேட்டதாகப் பிறகுதான் சொன்னாராம்.

அன்றைக்கு மதியத்துக்கு மேல் எந்த வீட்டிலும் மாமாவுக்குக் கதவு திறக்கவில்லை. தட்டினால் உள்ளே பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். மறுநாள் தீவுக் குழு கூடியது. இந்த அதிகாரி வேண்டாம், திருப்பி அனுப்பச் சொல்லி மேலே எழுதலாம் என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். மாமா எழுந்து மன்னிப்புக் கேட்டார். ஆதம் அதை அவர்கள் மொழியில் சொன்னார். யாருடைய முகமும் மாறவில்லை. கடைசியில் ஹவ்வாவைக் கேட்டார்கள்.

"இவனை இப்போது அனுப்பினால் எனக்கு என்ன லாபம்?" என்று கேட்டிருக்கிறார் ஹவ்வா. "மழை வரும் வரைக்கும் என் வீட்டுக்கு இவன் தண்ணீர் கொண்டுவரட்டும். மழை வந்த பிறகு அனுப்புங்கள்."

குழு ஒத்துக்கொண்டது.

இதில் எதையும் மாமா எங்களிடம் அப்போது சொல்லவில்லை. போனில் கேட்டால் "நல்லாருக்கேன்" என்பார். நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

மாதம் ஒருமுறை அம்மாவும் நானும் சிதம்பரம் போவோம். ரேகா அத்தை வீட்டுப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே கம்ப்யூட்டரில் மாமாவைப் பார்த்துப் பேசலாம். இளமதியைத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பார் அத்தை. அவள் அப்பாவை விட்டுவிட்டு மவுஸைப் பிடித்து இழுப்பாள். அந்த முறை மாமா முகம் திரையில் வந்ததும் அம்மா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"என்னாடா இது தலை, தேங்கா நாரு மாதிரி?"

"கடல்ல குளிச்சேன்க்கா."

"நேத்தா?"

"இன்னிக்கு."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். லேப்பில் கண்ணாடித் துண்டைப் பார்க்கிற மாதிரி. "கழுத்துல என்னங்க தடிப்பு? ஒரு நாள் குளிச்சா வர்ற தடிப்பா அது? உங்க குவாட்டர்ஸ்ல மழைத்தண்ணித் தொட்டி இருக்குதுன்னு சொன்னீங்களே."

மாமா கொஞ்ச நேரம் இளமதியையே கொஞ்சிக்கொண்டிருந்தார். அத்தை குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. டிரம், குழு, ஹவ்வாவின் நிபந்தனை. குவாட்டர்ஸுக்கும் பொதுவான சுகாதார நிலையத் தொட்டியில் மாமாவின் பங்குக்கு உள்ளதில் குடிக்க, சமைக்க மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை இரண்டு கேன்களில் தூக்கிக்கொண்டு தினமும் ஹவ்வா வீட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறார். இவர் குளிப்பது உப்புக் கிணற்றில்.

அம்மா சத்தம் போட்டதில் பக்கத்து சீட்டில் பரீட்சை ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்தான். "ஏன்டா, உன் அக்கா வூட்டுக்கு என்னிக்காவது ஒரு கொடம் தூக்கியாந்திருப்பியா நீ? அங்க போயி ஊருக்குத் தண்ணி சொமக்குறியா?"

"நான் கவுத்த தண்ணிதானேக்கா."

"ஒரு டிரம்முதானே கவுத்த? அத எப்பவோ ஊத்தியிருப்ப. போதும், கெளம்பி வா. உங்க மாமா கடையில உக்காந்து பஞ்சர் ஒட்டு."

ரேகா அத்தை கேட்டது ஒன்றுதான். "அங்க மழை எப்ப வரும்?"

"இன்னும் ரெண்டு மாசம் ஆவும்."

"அதுவரைக்கும் வீட்டுக்குள்ள விடுவாங்களா உங்கள? கொசு வேலை நடக்குதா?"

"வாசல் வரைக்கும். தண்ணிய ஊத்திட்டு வந்துடணும். ரேகா, அந்த டிரம்முல மறுபடியும் புழு இருக்கு. நான் ஊத்துற தண்ணியிலயே வளருது. கவுக்கவும் முடியாது, விடவும் முடியாது."

மாமா தலையைச் சொறிந்தார். அப்புறம் அவரே சொன்னார்: "வடிகட்டிடலாம். குப்பத்துல டிரம்முக்கு வேட்டித் துணி கட்டச் சொல்லுவேன்ல, அத நாலா மடிச்சு வடிகட்டுனா ஒரு சொட்டு கொறையாது. இங்க கெடைக்குறது பூரா நைலான் துணி. தண்ணி எறங்கவே மாட்டேங்குது."

குறிஞ்சிப்பாடியைச் சேர்ந்த ஒரு நர்ஸ் விடுமுறை முடிந்து மாலத்தீவுக்குத் திரும்பிப் போகிறார் என்று அத்தை கண்டுபிடித்தார். அம்மா திட்டிக்கொண்டேதான் வீட்டிலிருந்த பழைய வேட்டிகளைத் துவைத்து மடித்துக் கட்டினார். தனக்கு மிஞ்சியது எது என்று அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார். "என் வேட்டிய வச்சு ஒரு நாடே தண்ணி குடிக்கப் போவுது. நான் லுங்கியோட கோயிலுக்குப் போறேன்" என்றார். ஆனால் நன்றாக இருந்த ஒன்றை அவரே எடுத்துச் சேர்த்துக் கட்டினதை நான் பார்த்தேன்.

வேட்டி போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததை மாமா போனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஹவ்வா வாசலில் காலி டிரம் ஒன்றை வைத்து, அதன் வாயில் நான்கு மடிப்பாக வேட்டியைக் கட்டி, பழைய டிரம்மிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு ஊற்றினார். ஒரு துளி சிந்துகிறதா என்று ஹவ்வா பக்கத்திலேயே நின்று பார்த்தார். வெள்ளைத் துணியில் புழுக்கள் நெளிந்தன. அது தண்ணீர்ப்பூச்சி, அதனால் ஒன்றும் இல்லை என்றார் ஹவ்வா. மாமா வாதம் பண்ணவில்லை. புழுக்களைக் கொஞ்சம் தண்ணீரோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, வாயைத் துணியால் கட்டி, அவருடைய ஜன்னலிலேயே வைத்துவிட்டு வந்தார். கடலூரில் பள்ளிக்கூடங்களில் செய்து காட்டுவது அது. பிறகு காலியான டிரம்மின் உட்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டார். கொசு முட்டை அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சில நாள் கழித்துத் தண்ணீர்க் கேன்களோடு போனபோது ஹவ்வா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தப் பாட்டில். உள்ளே கால்களில் வெள்ளை வரி போட்ட கொசுக்கள் பறந்துகொண்டிருந்தன. ஹவ்வா பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு.

அந்த வாரம் முதல் முறையாக ஒரு வீட்டில் மாமாவைக் கூப்பிட்டார்கள். ஆதமிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: டிரம்மில் கை வைக்கக் கூடாது, துணியோடுதான் வர வேண்டும். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டே உள்ளே போனாராம். அப்படி ஒவ்வொரு வீடாகத் திறந்தது. எல்லா வீடும் என்று சொல்ல முடியாது. குழுத் தலைவர் வீடு கடைசி வரை திறக்கவில்லை. தீவில் டெங்கு வரவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சிலருக்கு வந்தது, படகில் வைத்துப் பெரிய தீவுக்குக் கொண்டுபோனதில் பிழைத்து வந்தார்கள்.

மே மாதத்தில் மழை கொட்டியது. கூரைக் குழாய்கள் எல்லாம் ஓடின. தொட்டிகள் நிரம்பி வழிந்தன. தீவே மழையில் இறங்கி ஆடியபோது மாமா மட்டும் குவாட்டர்ஸில் உட்கார்ந்து பெட்டியைக் கட்டினார். மழை வந்த பிறகு அனுப்புங்கள் என்பதுதானே பேச்சு. எங்களுக்கும் போன் செய்து சொல்லிவிட்டார். ரேகா அத்தை, "சரிங்க, வாங்க, பாத்துக்கலாம்" என்றார்.

குழு படகுத்துறைக்குப் பக்கத்தில் கூடியது. தலைவர் ஹவ்வாவைக் கூப்பிட்டு, தண்ணீர் வந்துவிட்டது, இனி இவரை அனுப்பலாமா என்று கேட்டார்.

"எனக்கும் இவனுக்கும் கணக்கு முடிந்தது" என்றார் ஹவ்வா. "கவிழ்த்ததைவிட அதிகமாகவே ஊற்றிவிட்டான். இருக்க வேண்டுமா போக வேண்டுமா என்பது உங்கள் பாடு." சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், திரும்ப எழுந்து, "மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிற மாதத்தில்தான் கொசு ஜாஸ்தி என்கிறான். அனுப்பிவிட்டால் டிரம்களை யார் பார்ப்பது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள்" என்றாராம்.

பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து தலைவரின் மனைவியே கேட்டிருக்கிறார். "எங்கள் வீட்டுத் தொட்டியை இன்னும் ஒருமுறைகூட இவர் பார்க்கவில்லையே. அதற்குள் ஏன் அனுப்புகிறீர்கள்?" கூட்டம் சிரித்துவிட்டது. தலைவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். மேலே எழுதவில்லை. அந்த வருடக் கடைசியில் மாமாவின் சோதனைக் காலம் முடிந்து, அத்தையும் இளமதியும் கிளம்ப வழி பிறந்தது.

குழு கூடிய அன்று மாலையே மாமா எங்களுக்குப் போன் செய்தார். ஹவ்வா வீட்டு வாசலிலிருந்து பேசுகிறேன் என்றார். அனுப்பவில்லை என்ற செய்தியைக் கேட்டு அப்பா கைதட்டினார். அம்மா போன் பக்கம் குனிந்து சொன்னார்: "உன்ன அனுப்பிடணும்னு வாராவாரம் மெழுகுவத்தி ஏத்துனேன்டா."

"அக்கா, நீ எந்தப் பக்கம்?"

"உன் பக்கம்தான். அதனாலதான் ஏத்துனேன்." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு அங்க இருக்குதா? போனக் குடு."

"அக்கா, அவுங்களுக்குத் தமிழ் தெரியாது."

"குடுடா."

ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். அம்மா தமிழில் பேசினார். தாய் இல்லாமல் வளர்ந்தவன், கோபமே வராது, கைதான் முந்திக்கொள்ளும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே, உப்புத் தண்ணீரில் மட்டும் குளிக்க விடாதே, சளி பிடிக்கும் என்று மூச்சு விடாமல் சொன்னார். அந்தப் பக்கம் ஹவ்வா அவர்கள் மொழியில் அதைவிட நீளமாகப் பேசினார். நடுவில் ராபர்ட் என்ற பெயர் மட்டும் அடிக்கடி வந்தது. அம்மா ஒவ்வொரு முறையும் "ஆமாமா, அப்படித்தான் அவன்" என்று தலையாட்டினார். பின்னால் மாமா, போதும் போதும் என்று கெஞ்சுவது கேட்டது.

போனை வைத்த பிறகு அம்மா என்னைப் பார்த்தார்.

"நல்ல பொண்ணுதான்" என்றார். "வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி."